பணிவே அறிவின் வாயில்



மட்டக்களப்பிலிருந்து கடலோரப் பெருவீதி வழியே தெற்கு நோக்கி வருவோர், மருதமுனையையும் பாண்டிருப்பையும் கடந்து கல்முனையை அடைகின்றனர். அங்கே ‘கார்மேல் பற்றிமா கல்லூரி’ என்னும் பெயர் அவர்தம் கண்ணிற் படுகின்றது. கத்தோலிக்கரால் தோற்றுவிக்கப்பெற்று, இன்று தேசிய பாடசாலையாக விளங்கும் கல்விக்கூடம் அது. அதன் பெயரைச் சற்று நின்று நோக்கினால் வியப்பொன்று புலப்படும். கார்மேல் என்பது திருநாட்டிலுள்ள ஒரு மலை. எலியாஸ் என்று கிறிஸ்தவரும், இல்யாஸ் நபி என்று முஸ்லிம்களும் போற்றும் இறையடியாரோடு தொடர்புடையது. பற்றிமா என்பது போர்த்துக்கல் நாட்டிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். அரபு மொழியிலிருந்து அந்நாட்டுக்குச் சென்ற பெயர். நபிகள் நாயகத்தின் அருமை மகளாரின் பெயரும் அதுவே அன்றோ?

முஸ்லிம்களும் இந்துக்களும் பெருந்தொகையினராய் வாழும் இக்கரையிலே கத்தோலிக்கர் சிறுதொகையினர். ஆயினும் அவர்களுடைய பாடசாலையின் பெயர், அயலவர் எவருடைய செவிக்கும் அந்நியமாக ஒலிப்பதில்லை. பெயர் அந்நியமன்று; எனின், அப்பெயருக்குப் பின்னே நிற்கும் சமய உண்மையும் அவ்வாறே எளிதில் விளங்கிவிடுமா? ஒருவரது சமயத்தின் உள்ளுண்மையை அறிவதற்கு வழி யாது? கத்தோலிக்க ஞானிகள் இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை பகர்ந்துள்ளனர். அச்சொல் பணிவு என்பது. அதனைத் தாழ்ச்சி என்றும் அச்சமயத்தார் வழங்குவர்.

பற்றிமா என்னும் ஊர் உலகுக்குத் தெரியவந்த வரலாறே இதற்கு ஒரு சான்று. 1917 ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் ஐரோப்பாவை எரித்துக்கொண்டிருந்த காலம். அவ்வூரின் அருகே மூன்று சிறுவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தனர். லூசியா என்னும் சிறுமிக்கு வயது பத்து. அவளுடைய மாமன் மக்களான பிரான்சிஸ்கோவுக்கு எட்டு, யசிந்தாவுக்கு ஏழு. அவ்வாண்டு மே மாதம் 13 ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 13 வரை தேவமாதா தங்களுக்குக் காட்சி தந்ததாக அவர்கள் கூறினர். ஊரார் நகைத்தனர்; அதிகாரிகள் அச்சுறுத்தினர். சிறுவரோ தம் சொல்லினின்றும் பிறழவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2017 மே 13 அன்று, இளமையிலேயே மறைந்த பிரான்சிஸ்கோவையும் யசிந்தாவையும் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் என்று பிரகடனஞ் செய்தார்.

இத்தகைய காட்சிகளை நம்பியே ஆகவேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை தன் மக்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது வேறு செய்தி. இங்கு நோக்கத்தக்கது, அத்திருச்சபை எவரைச் சாட்சிகளாக ஏற்றுக்கொண்டது என்பதே. பல்கலைக்கழகப் பேராசிரியரை அன்று, படைத்தலைவரை அன்று, எழுத்தறியாத ஆட்டிடைச் சிறுவரை. யேசுநாதர் சிறு பிள்ளை ஒன்றை நடுவில் நிறுத்தி, இதுபோல் ஆகாதவர்க்கு விண்ணரசில் இடமில்லை என்னும் கருத்தினைச் சீடர்க்கு உணர்த்தினார் என்பது சுவிசேஷ வரலாறு. தந்தையாகிய சிவபெருமான் மைந்தனாகிய முருகன் முன் மாணாக்கராய் அமர்ந்து பிரணவப் பொருளைக் கேட்டார் என்னும் கதையைச் சைவ மக்கள் அறிவர். கேட்பவர் எத்துணைப் பெரியவராயினும், கேட்கும்பொழுது சிறியவராதல் வேண்டும் என்பதே இரண்டிலும் தோன்றும் கருத்தாகும்.

அப்படியாயின் கற்றவர்க்கு இவ்வழி அடைபட்டுள்ளதா? அன்று. ஆனால் அவர்களுக்கு அது கடினமான வழி. அதற்கு எடுத்துக்காட்டு அர்ச்சிஷ்ட அகுஸ்தீனார். கி.பி. 354 இல் வட ஆபிரிக்காவிற் பிறந்த இவர், சொல்வன்மை பயிற்றும் ஆசிரியராய்க் கார்த்தேஜ், ரோம், மிலான் ஆகிய மாநகரங்களிற் புகழ் பெற்றவர். பத்தொன்பது வயதில் மெய்யறிவின்மீது வேட்கை கொண்டு வேதாகமத்தைக் கையில் எடுத்தார். சிசரோ என்னும் ரோமானியப் பேரறிஞரின் மிடுக்கான நடையிலே திளைத்திருந்த அவருக்கு, வேதாகமத்தின் எளிய நடை இழிந்ததாய்த் தோன்றிற்று. நூலை மூடி வைத்தார். பின்னாளில் அதை நினைந்து வருந்தியபோது, குற்றம் நூலில் இல்லை, குனிய மறுத்த தன் கழுத்திலேயே இருந்தது என்னும் பொருள்பட எழுதினார். அந்நூலின் வாயில் தாழ்ந்தது. உள்ளே செல்லச் செல்ல உயர்ந்துகொண்டே போவது. அன்று தாம் வாயிலில் நின்றே திரும்பிவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அவ்வாறு திரும்பிய அகுஸ்தீனார் ஒன்பது ஆண்டுகள் மணிக்கேய மதத்தாரோடு அலைந்தார். இறுதியில், 386 ஆம் ஆண்டு மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் மனங்கலங்கி அழுதுகொண்டிருந்தபோது, அயல் வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், எடுத்துப் படிக்குமாறு சொல்வதாக அவர் செவியில் விழுந்தது. முன்பு மூடிய நூலை மீண்டும் திறந்தார். மறு ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். பேரறிஞர் பலரிடம் பாடங் கேட்டவருக்கு ஒரு பிள்ளையின் குரல் வழிகாட்டிற்று! பல்லாண்டுகள் கழிந்து அவர் ஆயராய் விளங்கிய காலத்தில், தியோஸ்கோரஸ் என்னும் இளைஞன் ஒருவன் தத்துவ ஆராய்ச்சி பற்றி நுட்பமான வினாக்கள் பலவற்றை எழுதியனுப்பினான். உண்மையை அடையும் வழியில் முதலாவது தாழ்ச்சி, இரண்டாவதும் தாழ்ச்சி, மூன்றாவதும் தாழ்ச்சி. எத்தனை முறை கேட்பினும் விடை அதுவே என்னும் கருத்தினை அகுஸ்தீனார் அவனுக்கு மறுமொழியாக விடுத்தார்.

இதனைக் கேட்கும் முஸ்லிம் நேயர்க்கு இமாம் கஸ்ஸாலியின் நினைவு வராதிருக்குமா? 1058 இல் தோன்றி 1111 இல் மறைந்த அப்பேரறிஞர், பக்தாத் நகரத்து நிஸாமிய்யாக் கல்லூரியில் உயர்ந்த ஆசிரிய பதவி வகித்தவர். நூற்றுக்கணக்கான மாணவர் அவர் சொல்லைக் கேட்கக் காத்திருந்தனர். தம் போதனையின் உள்நோக்கம் இறைவன் அன்று, பெயரும் புகழுமே என்று கண்ட நாளிலே அவர் நா தடுமாறிற்று. 1095 இல் பதவியைத் துறந்து, திமிஷ்க் நகரஞ் சென்று, பள்ளிவாசலின் மினாராவிலே தனித்திருந்து தவம் புரிந்தார். கார்த்தேஜின் ஆசிரியரும் பக்தாதின் ஆசிரியரும் எழுநூறு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு சமயங்களில் நின்றவர். ஆயினும் இருவரும் கண்ட தடை ஒன்றே. கழற்றிய சுமையும் ஒன்றே.

திருக்குர்ஆனின் கஹ்பு அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை தோறும் ஓதுவோர், மூஸா நபி ஞானம் பெற்ற அடியார் ஒருவரைத் தேடி, இரு கடல்கள் கூடும் இடம் நோக்கிப் பயணஞ் செய்த வரலாற்றை அறிவர். மனிதருள் மிகக் கற்றவர் தாமே என்று மூஸா நபி மொழிந்ததன் பின்னரே அப்பயணம் விதிக்கப்பட்டது என்பது ஹதீஸ் கூறும் செய்தி. தூதராய் இருந்தவரும் மாணவராய் நடந்து செல்ல வேண்டியிருந்தது.

இனி, பணிவு என்பது எல்லாக் கல்விக்கும் பொதுவான நற்குணம்தானே, கத்தோலிக்க சமய உண்மைகளுக்கு மட்டும் அதனைச் சிறப்பாகக் கூறுவானேன் என்று வினவலாம். அதற்குக் காரணம் அச்சமயத்தின் உள்ளடக்கத்திலேயே உள்ளது. அச்சமயத்தாரின் நம்பிக்கைப்படி, கடவுள் உயர்ந்தவர் என்பது மட்டும் உண்மையன்று. அவர் தாழ்ந்து வந்தவர் என்பதே நடுநாயகமான உண்மை. மாட்டுத் தொழுவத்திற் பிறந்தார். தச்சர் வீட்டில் வளர்ந்தார். இறுதி இராவுணவின்போது இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். குற்றவாளியைப்போலச் சிலுவையில் மாண்டார். இன்றும் எளிய கோதுமை அப்ப வடிவில் தேவநற்கருணையாய் விளங்குகிறார் என்பது அவர்தம் விசுவாசம். பெருமையையே அளவுகோலாகக் கொண்டவன் இவை எல்லாவற்றையும் பேதைமை என்றே காண்பான். வானத்தையே அண்ணாந்து நோக்குபவனுக்குக் காலடியில் கிடக்கும் முத்துத் தெரிவதில்லை. தாழ்ந்திருக்கும் பொருளைக் காணக் குனிந்தே ஆகவேண்டும்.

பெத்லகேம் நகரில், யேசுநாதர் பிறந்த இடமென்று போற்றப்படும் கோயிலுக்குச் செல்வோர் இதனைத் தம் உடலாலேயே உணர்கின்றனர். ஒரு காலத்தில் உயர்ந்திருந்த அக்கோயில் வாயில், குதிரைகளும் வண்டிகளும் உள்ளே புகாதவண்ணம் பிற்காலத்தில் சுருக்கிக் கட்டப்பட்டது. இன்று அதன் உயரம் ஏறக்குறைய நான்கு அடி. மன்னராயினும், மேற்றிராணியாராயினும், வழிப்போக்கராயினும் தலை குனிந்தே உட்செல்லல் வேண்டும். பிள்ளைகள் மாத்திரமே நிமிர்ந்தவாறு நுழைகின்றனர்! ‘தாழ்ச்சியின் வாயில்’ என்று யாத்திரிகர் அதற்குப் பெயரிட்டனர்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறையாது கூறுதல் முறையாகும். ஈசா நபியை இறைவனின் தூதரென்றும், மர்யம் அன்னையைத் தூய்மையின் வடிவமென்றும் முஸ்லிம்கள் போற்றுவர். ஆனால் இறைவன் மனித வடிவெடுத்தான் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. கத்தோலிக்கருக்கோ அதுவே விசுவாசத்தின் அடித்தளம். இவ்வேற்றுமை சொல்லலங்காரத்தால் மறைந்துவிடக்கூடியதன்று; மறைக்க வேண்டியதுமன்று. விளங்கிக்கொள்ளுதல் வேறு; ஏற்றுக்கொள்ளுதல் வேறு. தன் நம்பிக்கையை இம்மியும் விடாதவன், அயலான் எதனை நம்புகிறான், ஏன் நம்புகிறான், அந்நம்பிக்கை அவன் வாழ்வை எவ்வாறு நடத்துகிறது என்பதை அறியலாம். அதற்கு வேண்டுவது, கேட்டு முடிக்கும் முன் விடை சொல்லத் துடிக்காத உள்ளமே. கிறிஸ்தவருள் குருமாரும் துறவிகளும் உளர், அவர்கள் செருக்குக் கொள்ளாதவர் என்று திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் சுட்டுவதை இங்கு நினைத்தல் தகும். அங்கும் அயலாரிடத்தே மதித்தெடுத்த குணம் செருக்கின்மையே ஆகும். இறைவன் ஆணையிட்டும் ஆதத்துக்குப் பணிய மறுத்த இப்லீசின் வீழ்ச்சிக்கும், கிறிஸ்தவர் கூறும் லூசிபரின் வீழ்ச்சிக்கும் காரணம் ஒன்றே என்பதையும் இருசாராரும் அறிவர்.

இவ்வுண்மை நூலளவில் நின்றதா, வாழ்க்கையில் நடந்து காட்டப்பட்டதா என்று வினவுவோர் பெத்லகேமுக்கோ மிலானுக்கோ செல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தீவின் வரலாற்றிலேயே அதற்கு விடை உண்டு. அவ்விடையின் ஒரு பகுதி, இக்கிழக்குக் கரை முஸ்லிம்களின் முன்னோர் வரலாற்றோடும் பிணைந்தது.

போர்த்துக்கேயர் 1505 இல் இத்தீவுக்கு வந்தனர். அவர்களுடைய கப்பல்களிற் பீரங்கியும் வந்தது, சிலுவையும் வந்தது. அவர்தம் ஆட்சியிலே பலர் கத்தோலிக்கராயினர். ஆனால் அதே ஆட்சியே 1626 இல் தன் எல்லைக்குட்பட்ட முஸ்லிம்களை வெளியேறுமாறு ஆணையிட்டது. வீடிழந்து வந்தவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்று, ஏறக்குறைய நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவ்வாறு வந்தவருக்குச் சிலுவையின் பொருள் எவ்வாறு விளங்கியிருக்கும்? கால் கழுவிய ஒருவரின் நினைவாக அன்று. தம்மைத் துரத்திய படையின் அடையாளமாகவே அது தோன்றியிருத்தல் வேண்டும். பணிவைப் பற்றிய ஒரு போதனை செருக்கோடு கொணரப்பட்டால் அதன் பொருளே தலைகீழாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

காலச்சக்கரம் சுழன்றது. ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அச்சமய வழிபாடு தடை செய்யப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இத்தீவின் கத்தோலிக்கர் குருவின்றித் தவித்தனர். இச்செய்தி கோவாவில் வாழ்ந்த யோசப் வாஸ் என்னும் குருவானவரின் செவிக்கு எட்டியது. 1651 ஏப்ரல் 21 இல் பிறந்து, உயர்தரக் கல்வி பெற்று, 1676 இல் குருப்பட்டம் பெற்றவர் அவர். மறு ஆண்டிலேயே, தாம் தேவமாதாவின் அடிமை என்று தம் கைப்பட ஓர் உறுதிப் பத்திரம் எழுதி வைத்தவர். மக்கள் பட்டமும் பதவியும் வேண்டி விண்ணப்பம் எழுதுவர். அவரோ அடிமைத்தனம் வேண்டி எழுதினார்.

1687 இல், தூத்துக்குடி வழியாக, அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். எவ்வாறு வந்தார்? படையோடு அன்று; அரசாங்கத் திருமுகத்தோடு அன்று; பிச்சைக்காரர் வேடத்தில் வந்தார். வழியிலே கொடிய வயிற்றுளைவு நோய் அவரை வாட்டியது. உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாய்ச் சென்று பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் எவரெனக் கூர்ந்து நோக்கி, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங் கண்டார். சில்லாலையில் ஒளிந்திருந்தும், இரவில் பூசை செய்தும், பின்பு புத்தளம் சென்றும் பணியாற்றினார். 1692 இல் கண்டி நாட்டை அடைந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் சிறைப்பட்டார். பழைய பீரங்கியின் நிழல் இவர்மீதும் விழுந்தது!

சிறையில் அவர் செய்தது யாது? தம் நிரபராதத்தைப் பற்றி முழங்கவில்லை. சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். இலத்தீனில் வல்லவரான குருவானவர், புதிய மொழி ஒன்றின் முதலெழுத்தில் மாணவரானார். தமிழையும் அவர் அவ்வாறே கற்றிருந்தார். மொழி கற்றல் என்பது பணிவின் பயிற்சியே அன்றோ? தெருவிற் செல்லும் சிறுவனும் நகைக்கும்படி பிழையாகப் பேசும் துணிவில்லாதவன் எம்மொழியையும் கற்பதில்லை. அவருக்குத் துணையாக 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இவ்வழியிலேயே சென்று, சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் இயற்றி, 1742 இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

1697 இல் கண்டி மாநகரை வைசூரி நோய் பற்றியது. நோயாளரை உற்றாரே கைவிட்டு ஓடினர். யோசப் வாஸ் அடிகளார் ஓடவில்லை. கத்தோலிக்கர், பௌத்தர் என்று பாராது, கைவிடப்பட்டோருக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த மன்னன் இதனைக் கண்டான். சந்தேகம் மறைந்தது, தன் நாடெங்கும் சமயப் பணி செய்யும் சுதந்திரத்தை அவருக்கு அளித்தான். மன்னன் கிறிஸ்தவனாகவில்லை, பௌத்தனாகவே இருந்தான். ஆனால், சிலுவை என்பதன் பொருள் பீரங்கி அன்று என்பதை அவன் விளங்கிக்கொண்டான். ஒன்றரை நூற்றாண்டு அதிகாரம் விளக்க இயலாததை ஓராண்டுக் காலப் பணிவிடை விளக்கிற்று. மேற்றிராணியார் பதவி தம்மைத் தேடி வந்தபோதும் அடிகளார் அதனை ஏற்க மறுத்தார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14 அன்று, கொழும்பு காலிமுகத் திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் அவரை இலங்கையின் முதற் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

நேயர்களே, வீடிழந்து வந்த முஸ்லிம்களை ஏற்றதும் கண்டி அரசே; பிச்சைக்காரராய் வந்த கத்தோலிக்கக் குருவை ஏற்றதும் அதே அரசே. ஒரே கூரையின் கீழ் ஒதுங்கியவரின் வழிவந்தோரே இன்று கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அயலவராய் வாழ்கின்றனர். இவ்வுண்மை இருசாரார் உள்ளத்திலும் பதியுமாயின் எத்துணை நன்மை விளையும்!

பணிவு என்றதும், அறிவைத் துறத்தல் என்று சிலர் எண்ணுவர். அது பிழை. அர்ச்சிஷ்ட தோமஸ் அக்குவினாரைவிட அயராது வினா எழுப்பியவர் கத்தோலிக்க உலகில் அரியர். ஒவ்வொரு கொள்கைக்கும் எதிராகச் சொல்லத்தக்க வாதங்களை அவரே முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் விடையை நிறுவுவார். எதிராளியின் சொல்லை முதலில் அமரச் செய்வதும் பணிவே. அத்தகையவர் 1273 டிசம்பர் மாதம் 6 ஆம் நாள், பூசை நேரத்தில் பெற்ற ஓர் அனுபவத்தின் பின்னர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். தாம் கண்டதற்கு முன் தாம் எழுதியதெல்லாம் வைக்கோல் போலத் தோன்றுகிறது என்று தம் தோழரிடம் கூறினாராம். அவருடைய பெருநூல் முற்றுப்பெறாமலே நின்றது.

வைக்கோல் என்னும் அவ்வுவமையைச் சம்மாந்துறை, நிந்தவூர் விவசாயி நன்கு அறிவான். வைக்கோலின்றி நெல் விளைவதில்லை. அதனை இகழ்பவன் உழவனல்லன். ஆயினும் சூடடித்து முடிந்த களத்திலே, வைக்கோற் குவியலைக் காட்டி இதுவே விளைச்சல் என்று மகிழ்பவனும் உழவனல்லன். கற்ற நூல், பெற்ற பட்டம், வென்ற வாதம் யாவும் தாள்களே. அவை தாங்கி நிற்கும் மணி வேறு. இன்று சமயம் பாடசாலையில் ஒரு பாடம்; பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு. அது வேண்டியதே. ஆனால் அதிவிசேட சித்தி பெற்ற மாணவன், தன் சமயத்தைத் தான் அறிந்துவிட்டதாக எண்ணுவானாயின், அவன் களத்தினின்றும் வைக்கோலை மட்டுமே வீட்டுக்குக் கொண்டு செல்கிறான்.

இன்னொரு பிழையும் களையத்தக்கது. தாழ்தல் வேறு, தாழ்த்தப்படுதல் வேறு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள், கிறிஸ்து பிறந்தநாள் விழாவுக்கு மறுநாட் காலை, கடல் எழுந்து இக்கரையை மோதிற்று. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் ஊராய் அழிவு நேர்ந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். செல்வர் வறியர் என்றோ, பள்ளிவாசல் கோயில் என்றோ கடல் பார்க்கவில்லை. அன்று அனைவரும் தாழ்த்தப்பட்டனர். பிணத்தைத் தூக்கிய கைகள் அது எச்சமயத்தாருடையது என்று கேட்கவில்லை. சோறு கொடுத்த கைகளும் கேட்கவில்லை. ஆனால் வீடுகள் மீண்டும் எழுந்தபோது பழைய வேலிகளும் உடன் எழுந்தன அன்றோ? வெளியிலிருந்து வந்த தாழ்வு வெள்ளத்தோடு வடிந்துவிடும். உள்ளத்தால் விரும்பி ஏற்ற பணிவே நிலைக்கும்.

அதற்கும் முன்னர், 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நெற்றியை நிலத்தில் வைத்து இறைவனைப் பணிதற்கென வந்தவர் மீதே அக்கொடுமை நிகழ்ந்தது. பன்னிரண்டு நாட்களின் பின், ஆகஸ்ட் 15 அன்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதி மாணவர்க்காக உழைத்த அமெரிக்க சேசுசபைக் குருவானவர் யூஜின் ஹீபர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் திரும்பும் வழியிற் காணாமற் போனார். அவர் மீண்டு வரவேயில்லை. இறைவன்முன் பணிந்தவரும், பிள்ளைகள் முன் பணிந்தவரும் ஒரே மாதத்தில் மறைந்தனர். மனிதன் தன் இனத்தையும் தன் கருத்தையும் அளவுகடந்து உயர்த்தும்போது முதலிற் பலியாவோர் பணிந்து நிற்போரே. ஆதலால் பணிவென்பது தனி மனிதரின் அணிகலன் மட்டுமன்று. அயலவர் ஒருவரையொருவர் அறிந்து உயிரோடு வாழ்வதற்கு வேண்டிய நிபந்தனையும் அதுவே.

இனிச் செய்யத்தக்கது யாது? பெரிய மாநாடுகள் வேண்டா. கல்முனைச் சந்தையிலே அருகருகே கடை வைத்திருப்போர், ஒருவர் மற்றவரின் நோன்பைப் பற்றி ஒரு வினாவைக் கேட்கலாம். கேட்டபின் மறுமொழி முடியும்வரை பொறுத்திருக்கலாம். கத்தோலிக்கர் தவக்காலத்தில் ஏன் நோற்கின்றனர் என்பதை ரமழானில் நோற்பவர் கேட்டறியலாம். பெரிய வியாழனன்று குருவானவர் முழந்தாளிட்டுப் பன்னிருவரின் கால்களைக் கழுவுவது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் நகையாமல் விடை கூறலாம்; விடை தெரியாவிடில் தெரியாதென்று சொல்லிவிட்டு அறிந்தவரிடம் சென்று கேட்கலாம். மாணவர் முன் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் ஆசிரியர், எந்நூலும் புகட்டாத பாடமொன்றை அவர்களுக்குப் புகட்டுகிறார்.

கல்லோயா நீர்த்தேக்கத்தினின்றும் புறப்படும் நீர், வாய்க்கால் வழியே இறங்கி இக்கரையின் வயல்களை அடைகின்றது. அது எவ்வூராரின் வயல் என்று நீர் கேட்பதில்லை. எது தாழ்ந்த நிலம் என்று மட்டுமே பார்க்கின்றது. மேட்டு நிலத்துக்குரியவன் நீரைக் குறை கூறிப் பயனில்லை. மண்வெட்டியை எடுத்து மேட்டை வெட்டித் தாழ்த்துதலே வழி. இறையறிவும் அவ்வாறே இறங்கி வருவது. அதற்கு நிலம் தாழ்த்திக் கொடுப்பது மனிதன் செய்யக்கூடிய வேலை. அவ்வேலையை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்திலேயே தொடங்குவாராக.